மலைப்பாதையில் எஞ்சினை எவ்வளவு முறுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் கராஜ் நடத்தத் தொடங்கி இருபத்திரண்டு வருடங்களாகின்றன. வண்டி தயாராகும்வரை பெஞ்சில் அமர்ந்து தேநீர் குடிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, எஞ்சினை எவ்வளவு வேகமாகச் சுழலவிடலாம் என்பதைப் பற்றியவைதான். ஏற்றத்தில் எஞ்சின் கத்தினால் ஏதோ உடைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இறக்கத்தில் கத்தினால் பெற்றோல் வீணாகிறது என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால் தேய்ந்த கிளட்ச் தட்டுகளையும் கருகிய பிரேக் கட்டைகளையும் நான் வாரந்தோறும் கழற்றுகிறேன்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அப்படியும் புதிய காரின் விலை ஓர் ஆசிரியருக்கோ தோட்ட உத்தியோகத்தருக்கோ எட்டும் விலையாக இல்லை. கையில் இருக்கும் வண்டியைத்தான் இன்னும் பல காலம் ஓட்டியாக வேண்டும். அதனால், பெஞ்சில் சொல்லும் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

அன்றாட ஓட்டத்தில் எத்தனை சுற்று சரியானது?

ஆர்பிஎம் மீற்றரில் 1, 2, 3 என்று தெரிவது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் முறை சுழல்கிறது என்பதன் கணக்கு. சிறிய பெற்றோல் கார்களுக்கு நான் சொல்லும் எண்கள் இவை. கம்பளையிலிருந்து பேராதனைக்குப் போவதுபோல் ஓரளவு சமதரையான வீதியில் 1,800 முதல் 2,500 வரை. தலவாக்கலைப் பக்கத்து மிதமான ஏற்றங்களில் 2,500 முதல் 3,500 வரை. ரம்பொடை முடக்குகளைப் போன்ற கடும் ஏற்றத்தில், வண்டி நிறைய ஆட்கள் இருந்தால் 3,000 முதல் 4,500 வரை தாராளமாகப் போகலாம். டீசல் வண்டிகளுக்கு இவற்றைவிடக் குறைவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

4,500 என்றதும் பலருக்குக் கண் விரிகிறது. அந்த எஞ்சினின் சிவப்புக் கோடு, அதாவது மீற்றரில் சிவப்பில் காட்டும் உச்ச எல்லை, 6,000க்கு மேல் இருக்கிறது. தயாரித்தவர்கள் அந்த வேகத்தையும் தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

சிவப்புக் கோட்டைத் தொட்டால் எஞ்சின் உடைந்துவிடுமா?

சூடேறிய, எண்ணெய் சரியாக உள்ள எஞ்சின் ஒரு தடவை தொட்டதால் உடையாது. இப்போதைய கார்களில் எல்லையை எட்டியதும் கணினியே எரிபொருளைக் குறைத்து எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கேயே வைத்து ஓட்டாதீர்கள். சுற்று இரண்டு மடங்கானால் பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் பிடித்து இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. 3,000இல் அது சுமக்கும் பாரம் வேறு, 6,000இல் சுமக்கும் பாரம் வேறு. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு வரும் கார்கள் அந்த எல்லையிலேயே ஓடுகின்றன. ஆனால் அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். நம்முடைய கார் பிள்ளையைப் பாடசாலையில் விடுவதற்கு.

ஒரு ஆபத்தை மட்டும் கணினியால் தடுக்க முடியாது. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது நான்காம் கியர் என்று நினைத்து இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், சில்லுகளே எஞ்சினைச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் சுழற்றிவிடும். அப்போது எரிபொருளை நிறுத்தியும் பயனில்லை. வால்வு வளைந்து வந்த இரண்டு எஞ்சின்களை நான் பிரித்திருக்கிறேன். கியரை ஒவ்வொன்றாக, வேகத்தைக் குறைத்த பிறகு இறக்குங்கள்.

மேல் கியரில் மெதுவாக ஏறினால் எஞ்சினுக்கும் நல்லது, பெற்றோலும் மிச்சம் அல்லவா?

சமதரையில் உண்மை. ஏற்றத்தில் பொய். இதில்தான் நம் ஊர்ச் சாரதிகள் அதிகமாக ஏமாறுகிறார்கள், அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். என் அம்மா அப்படி ஏறியவர்தான். பாரம் கூடினால் எட்டைச் சிறிதாக்கிக்கொள்வார், எண்ணிக்கையைக் கூட்டுவார். ஒரே எட்டில் இரண்டு படி தாண்ட மாட்டார். தாண்டினால் முழங்கால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கீழ் கியர் என்பது அந்தச் சிறிய எட்டு. மேல் கியரில் எஞ்சினைத் திணறவைத்து ஏற்றுவது, பாரத்தோடு இரண்டு படி தாண்டுவது.

உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். குறைந்த சுற்றில் எக்சிலேட்டரை ஆழமாக அழுத்தும்போது ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக நகரும் பிஸ்டனின் தலையில் முழுப் பலத்தோடு விழுகிறது. எண்ணெய்ப் பம்பை எஞ்சினே சுழற்றுவதால், சுற்றுக் குறைந்தால் எண்ணெய் அழுத்தமும் குறைவு. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம் மெலிகிறது. மெலிந்த படலத்தின்மேல் கனத்த அடி. அதோடு, பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை நேரத்துக்கு முந்தியே தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. உண்டியலில் சில்லறையைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அது பிஸ்டன் அடிவாங்கும் சத்தம். சிறிய டர்போ எஞ்சின்களில் இப்படித் திணறவைப்பது இன்னும் மோசம். ஒரே வெடிப்பில் பிஸ்டன் விளிம்பு உடைந்த கதைகள் உண்டு.

இனி ஒரு கணக்கு. 796 சிசி அல்டோவை எடுத்துக்கொள்வோம், நம் வீதிகளில் அதிகம் ஓடும் கார்களில் ஒன்று. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ. 100 மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் ஏற்றத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போக, பாரத்தைத் தூக்க மட்டும் 6 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 8 கிலோவாட்டை நெருங்கும். அந்த எஞ்சினின் உச்ச முறுக்கு விசை, அதாவது தண்டைச் சுழற்றும் பலம், 69 நியூட்டன் மீற்றர். அது கிடைப்பது 3,500 சுற்றில். 1,500 சுற்றிலும் அதே விசை கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 11 கிலோவாட்டுக்குக் கிட்டத்தான் வரும். நுவரெலியாவின் மெல்லிய காற்றில் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது 9 கிலோவாட்டுக்கும் குறைவு. உண்மையில் 1,500இல் விசை இன்னும் குறைவு என்பதால், எக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி இழுபட்டுத்தான் ஏறும். அதே எஞ்சின் 3,500இல் அதே உயரத்தில் 20 கிலோவாட் தரும். கால் பாதி அழுத்தினாலே போதும்.

பெற்றோல் விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. மலையேற வேண்டிய வேலை எந்தக் கியரிலும் ஒன்றுதான். எக்சிலேட்டர் தரையைத் தொடும்போது கணினி கலவையில் பெற்றோலைக் கூட்டிவிடுகிறது. திணறும் காரில் மிச்சம் பிடித்ததாக நினைப்பவர் உண்மையில் கூடுதலாகச் செலவழித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கொழும்பில் பறக்கும் என் கார் நுவரெலியாவில் ஏன் சோர்ந்துபோகிறது? எஞ்சினில் கோளாறா?

கோளாறில்லை, காற்று. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் சக்தியை இழக்கிறது. டர்போ உள்ள வண்டிக்கு இழப்புக் குறைவு. காற்றைத் தானே அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்ளும்.

இழந்த சக்தியைச் சுற்றைக் கூட்டித்தான் ஈடுசெய்ய முடியும். கண்டியில் மூன்றாம் கியரில் ஏறிய அதே சரிவு லபுக்கலைக்கு மேலே இரண்டாம் கியரைக் கேட்கும். கொடுத்துவிடுங்கள். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் மட்டும் இன்னொரு தொல்லை உண்டு: காற்றுக் குறைந்தும் பெற்றோல் அதே அளவில் வருவதால் புகை கறுக்கும், பிளக்கில் கரி படியும்.

என் காரில் ஆர்பிஎம் மீற்றரே இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

காதும் காலும் போதும். எக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். வண்டி உடனே கேட்டால் சுற்றுச் சரி. அழுத்தியும் வேகம் கூடாமல் குரல் மட்டும் கனத்து, ஸ்டியரிங்கிலும் ஆசனத்திலும் அதிர்வு வந்தால் சுற்றுப் போதாது. கியர் குச்சியின் மேல் கையை வைத்தால் அந்த அதிர்வு உள்ளங்கையில் நன்றாகத் தெரியும். கையை உடனே எடுத்துவிடுங்கள், குச்சியில் கையை ஊன்றி ஓட்டுவது கியர்ப் பெட்டிக்கு நல்லதல்ல. எண்ணாகவே பார்க்க விரும்பினால், காரின் பரிசோதனைத் துளையில் செருகும் சிறிய கருவியை வாங்கிக் கைபேசியில் பார்க்கலாம். ஒரு வாரம் பார்த்தால் காது பழகிவிடும்.

முடக்கில் எப்போது கியரைக் குறைக்க வேண்டும்?

முடக்குக்கு முன். வண்டி திணறத் தொடங்கிய பிறகு அல்ல. கொண்டை ஊசி வளைவின் நடுவில், ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டே கிளட்சை மிதித்துக் கியரைத் தேடினால் அந்த ஒரு நொடியில் வண்டி நின்றுவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்.

வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் காலை எடுங்கள், வேகம் தானே குறையும். இரண்டாம் கியருக்கு மாற்றுங்கள். சிறிய கார்களில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது சுற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்: மூன்றில் 2,000 என்றால் இரண்டில் 3,000. ஆகவே கிளட்சை விடுவதற்கு முன் எக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். எஞ்சின் அந்த வேகத்துக்கு உயர்ந்து நிற்கும்போது கிளட்ச் குலுக்காமல் பிடிக்கும். பிறகு ஒரே சீரான அழுத்தத்தில் வளைவைச் சுற்றி ஏறுங்கள். கண்டி–மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இதைத் தொடர்ந்து செய்து பழகியவருக்கு வேறு எந்த வீதியும் பயமில்லை.

இறங்கி வருபவர்கள் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைநாட்டு வழக்கம். அந்த மரியாதையின் காரணமும் இதுதான். ஏறும் வண்டி சுற்றை இழந்தால் மறுபடி கிளம்பக் கிளட்சைத்தான் தேய்க்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சமாகும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

2022இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு அளந்து வாங்கிய காலம் அது. அப்போது நியூட்ரல் பழக்கம் நோய்போலப் பரவியது. சிலர் சாவியையே அணைத்துவிட்டு உருட்டினார்கள். எரிபொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னும் பழக்கம் போகவில்லை.

நான் பத்தொன்பது வயதில், கராஜ் வேலைக்கு வருமுன், மரக்கறி லொறியில் உதவியாளாகப் போயிருக்கிறேன். ஓரிரவு நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு இறங்கினோம். வட்டவளை தாண்டியதும் சாரதி அண்ணன் நியூட்ரலில் போட்டார். டீசல் மிச்சம் அவருடைய கைக்காசு. கினிகத்தேனைக்கு முன் துணி கருகுவதுபோல ஒரு நாற்றம் வந்தது. அவர் பெடலை மிதித்தார். அது பஞ்சுபோல உள்ளே போய்த் தரையில் நின்றது. கியரைப் போடப் பார்த்தார். பல்லோடு பல் அரைபடும் சத்தம் கேட்டதே தவிர கியர் விழவில்லை. வேகம் கூடிவிட்டால் அது விழாது. மண்மேடு இருந்த பக்கம் லொறியை உரசி உரசி நிறுத்தினார். கதவின் தகடு சுருண்டது, பாதி மூட்டைகள் வீதியில். இருவரும் இறங்கி நின்றோம், சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மண்மேடு மறுபக்கத்தில் இருந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன்.

அந்தப் பெடல் ஏன் பஞ்சானது? நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது உயரம் 1,300 மீற்றருக்கு மேல் குறைகிறது. 1,100 கிலோ கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், ஏறத்தாழ 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். நான்கு சில்லுகளுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பு அந்தச் சூட்டை வாங்க வேண்டும். பிரேக் எண்ணெயில் டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் 140 பாகைக்கே கொதித்துவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். நம் ஊரின் மூடுபனியிலும் மழையிலும் எண்ணெய் சீக்கிரம் ஈரம் குடிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், நிறம் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். நிறத்தில் ஈரம் தெரியாது.

எஞ்சினை அணைத்து உருட்டினால் இன்னும் கேடு. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங் கனக்கும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டியே போகும்.

நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் இறங்கும் எவரும், சிறிய கார் என்றாலும், முதல் முடக்குக்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும்.

கீழ் கியரில் இறங்கும்போது 4,000 வரை கத்துகிறதே, அது பெற்றோல் குடிக்காதா?

ஒரு துளியும் குடிக்காது. காலை எடுத்துவிட்டால், கார்பரேட்டர் இல்லாத எஞ்செக்‌ஷன் எஞ்சினில் சுற்று சுமார் 1,500க்கு மேல் இருக்கும்வரை கணினி எரிபொருளை முற்றாக நிறுத்திவிடுகிறது. சில்லுகள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நீங்கள் கேட்பது காற்று உறிஞ்சப்படும் சத்தம், வெடிப்பின் சத்தமல்ல. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெற்றோல் எரித்துக்கொண்டே இருக்கும். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று உடனுக்குடன் காட்டும் திரை உள்ள காரில் பாருங்கள்: கியரில் இறங்கும்போது எண் உச்சத்துக்குப் போய் நிற்கும்.

எஞ்சினுக்கும் கேடில்லை. வெடிப்பில்லாத சுழற்சியில் பேரிங்குகளுக்குப் பாரம் குறைவு, சுற்றுக் கூடுதலாக இருப்பதால் எண்ணெய் அழுத்தமும் நன்றாக இருக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், சந்தேகமிருந்தால் அதற்கும் ஒன்று குறைத்து இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இருக்காமல், தேவையான இடத்தில் உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும்.

என்னுடையது ஒட்டோ கியர், ஹைபிரிட். எனக்கென்ன கியர்?

சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறும் கியர்ப் பெட்டி உள்ள கார்கள் ஏற்றத்தில் சுற்றை ஏற்றி ஒரே குரலில் பாடிக்கொண்டே போகும். வேகன் ஆர் வாங்கிய புதிதில் பலர் கிளட்ச் வழுக்குகிறது என்று கொண்டுவந்தார்கள். வழுக்கவில்லை, தனக்கு வேண்டிய சுற்றைத் தானே தெரிவு செய்கிறது. இறக்கத்தில் 'டி'யை விட்டு 'எல்' அல்லது 'எஸ்' போடுங்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு, எஞ்சினாலும் வண்டியைப் பிடிக்கும் 'பி' இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் முதலில் மின்கலம் நிறையும். அதுவரை மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தப் பிடி தளரும், எஞ்சின் திடீரெனக் கத்தத் தொடங்கும். பயந்துபோய் வீதியோரம் நிறுத்தி எனக்கு அழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கத்தல் மிஞ்சிய சக்தியைச் செலவழிக்கக் கார் தானே செய்யும் வேலை, பெற்றோல் எரியவில்லை. நீண்ட சரிவு தொடங்கும்போதே 'பி'யில் போட்டுவிடுங்கள்.

டொல்பின் வான் ஓட்டுகிறேன். டீசலுக்கும் இதே எண்களா?

இல்லை. டீசலின் பலம் கீழேயே கிடைக்கும். 1,500 முதல் 2,800 வரை அதன் இருப்பிடம். 3,500க்கு மேல் முறுக்கினால் புகையும் சத்தமும்தான் கூடும், இழுவை கூடாது. ஆனால் 1,200இல் திணறவைப்பது டீசலுக்கும் ஆகாது. இறக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: காற்றை மறிக்கும் தகடு பொதுவாக டீசலில் இல்லாததால், காலை எடுத்தால் கிடைக்கும் பிடி பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவு. அதனால்தான் பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஆட்களை நிரப்பிக்கொண்டு மஸ்கெலியாப் பக்கம் ஓடும் வான்கள், இறங்கும்போது இரண்டாம் கியரைத் தாண்ட வேண்டாம்.

காலையில் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

அரை நிமிடம், பனி உறையும் ஜனவரி காலைகளில் ஒரு நிமிடம். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவதும், சூடாகட்டும் என்று முறுக்குவதும் தவறு. குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும், மேல் பாகங்களுக்குப் போய்ச்சேர நேரமெடுக்கும். அந்நேரத்து முறுக்கல்தான் ஒரு எஞ்சினின் ஆயுளில் கொடியது. மெதுவாகக் கிளம்பி முதல் மூன்று நான்கு கிலோமீற்றர் 2,500க்குள் வைத்திருங்கள். வீட்டு வாசலிலேயே ஏற்றம் என்றால், திணறவிடாமல் முதல் கியரில் பொறுமையாக ஏறுங்கள்.

95 ஒக்டேன் அடித்தால் ஏற்றத்தில் நன்றாக இழுக்குமா?

92க்கு வடிவமைத்த எஞ்சினுக்கு 95ஆல் பலம் கூடாது. சில்லறை குலுங்கும் சத்தம் கேட்டால் முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள். அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி கியரால் தீரும். அப்படியும் கேட்டால் 95 அடித்துப் பார்க்கலாம், அல்லது கரியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். கையேட்டில் 95 என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, 95தான்.

ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது கிளட்சிலேயே பிடித்து நிற்கலாமா?

கூடாது. கடுகண்ணாவையில் ஒரு விடுமுறை நாள் நெரிசல் ஒரு கிளட்ச் தட்டையே தின்றுவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கிளம்பும்போது 1,500 முதல் 2,000 சுற்றுக்குக் கொண்டுவந்து, கிளட்ச் கடிக்கும் இடத்தில் வண்டியின் மூக்கு லேசாக எழும்புவதை உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். 4,000இல் கத்தவைத்துக் கிளட்சை வழுக்கவிடுவது, எஞ்சினை முறுக்குவதில் நான் முற்றாக எதிர்க்கும் ஒரே வகை.

ஏறும்போது வெப்ப முள் உயர்கிறது. இன்னும் மெதுவாக, மேல் கியரில் போகவா?

மேல் கியர் வேண்டாம். அநேக கார்களில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். சுற்றுக் குறைந்தால் தண்ணீர் ஓட்டமும் குறையும். கியரைக் குறைத்து வேகத்தையும் குறையுங்கள், ஏசியை நிறுத்துங்கள். முள் இறங்கவில்லையென்றால் ஓரமாக நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்து வந்த ஒருவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

டவுனுக்குள் மட்டுமே ஓட்டுகிறேன். எப்போதாவது முறுக்க வேண்டுமா?

வேண்டும். குறுகிய தூரம், குறைந்த சுற்று என்றே ஓடும் எஞ்சினில் கரி படியும், எண்ணெயில் நீர் சேரும். வாரத்தில் ஒருநாள் சூடேறிய பின் அரை மணி நேரம் வெளி வீதியில் ஓட்டி, ஏற்றங்களில் 4,000 வரை போகவிடுங்கள். புகைவடிகட்டி உள்ள டீசல் கார்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

மகளுக்கு இப்போதுதான் லைசன்ஸ் கிடைத்தது. இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

ஞாயிறு காலை, வாகனம் குறைந்த நேரத்தில், வீட்டுக்குக் கிட்ட ஒரு கிலோமீற்றர் நீளமான சரிவுக்குக் கூட்டிப்போங்கள். முதலில் மூன்றாம் கியரில் ஏறச் சொல்லுங்கள். அதிர்வு வரும் இடத்தில் "இதைக் கவனி" என்று மட்டும் சொல்லி, இரண்டாம் கியரைப் போடச் சொல்லுங்கள். வண்டி சட்டென்று உயிர்பெறுவதை அவர் காலில் உணர்வார்.

பிறகு அதே சரிவில் மூன்றாம் கியரில், தேவையான அளவு பிரேக் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். கீழே நிறுத்தியதும் இருவரும் இறங்கி, முன் சில்லைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மறுபடி ஏறி, இந்தத் தடவை இரண்டாம் கியரில் இறங்கி, அதே இடத்தில் நிறுத்தி மறுபடி கையைக் காட்டச் சொல்லுங்கள்.